தோமஸ் லிப்டன்: அந்நிய மண்ணில் ஒரு கம்பனி



மட்டக்குளியிலிருந்து கொழும்புத் துறைமுகப் பக்கமாகப் பஸ்ஸில் செல்லும்போது கொள்கலன்களை ஏற்றிய பாரவூர்திகள் வரிசையாகச் செல்வதைக் கண்டிருப்பீர்கள். அவற்றுட் சில நமது மலைநாட்டுத் தேயிலையைச் சுமந்து செல்பவை. கொழும்பு 7 இல் டி சொய்சா சுற்றுவட்டம் என்னும் சந்தியைப் பலர் இன்றும் லிப்டன் சுற்றுவட்டம் என்றே அழைப்பதையும் கேட்டிருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்க்கையை இப்பகுதியில் கற்போம்.

வணிகப் பாடத்தில் முயற்சியாளர் பற்றியும், வரலாற்றுப் பாடத்தில் பெருந்தோட்டங்கள் பற்றியும் வினாக்கள் வரும்போது இவ்வரலாறு உங்களுக்குக் கைகொடுக்கும். வாசிக்கும்போது ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேறொரு நாட்டுக்குச் சென்று அங்கே ஒரு கம்பனியை வெற்றிகரமாக நடத்துகிறார் என்றால், அந்த வெற்றியில் அவருடைய திறமையின் பங்கு எவ்வளவு? அந்த நாடும் அதன் உழைப்பாளிகளும் கொடுத்த பங்கு எவ்வளவு?

1. பிறப்பும் இளமையும்

தோமஸ் லிப்டன் 1848 ஆம் ஆண்டு ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தாம் 1850 இல் பிறந்ததாக அவர் கூறிவந்தமையால் சில நூல்களில் அவ்வாண்டும் காணப்படும். அவருடைய பெற்றோர் அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். 1840களின் பிற்பகுதியில் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கிப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இலட்சக்கணக்கானோர் பிழைப்புத் தேடி ஊரைவிட்டு வெளியேறிய அக்காலத்திலேயே லிப்டனின் பெற்றோரும் கிளாஸ்கோவில் குடியேறினர். ஒரு பயிர் நோய் இக்குடும்பத்தை இடம்பெயர வைத்தது என்பதை நினைவில் வையுங்கள். இன்னொரு பயிர் நோயைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

பெற்றோர் தொழிலாளர் வாழும் ஒரு பகுதியில் வெண்ணெய், முட்டை, பன்றியிறைச்சி விற்கும் சிறுகடை ஒன்றை நடத்தினர். வறுமை காரணமாகச் சிறுவன் தோமஸ் இளவயதிலேயே பாடசாலையை விட்டு விலகி எடுபிடி வேலைக்குச் சென்றான். பின்னர் சட்டை தைக்கும் நிறுவனமொன்றில் துணி வெட்டும் வேலை பார்த்தான். எனினும் இரவுப் பாடசாலையில் படிப்பைத் தொடர்ந்தான். அதன் பின்னர் கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்ற்றுக்கும் இடையே ஓடிய கப்பலில் பணிபுரியும் சிறுவனாகச் சேர்ந்தான். அங்கு கேட்ட அமெரிக்கக் கதைகள் அவன் மனதைக் கவர்ந்தன.

2. அமெரிக்காவில் கற்ற பாடம்

1865 இல், பதினேழு வயதளவில், சேமித்த பணத்தைக் கொண்டு லிப்டன் நியூயோர்க் சென்றார். ஐந்து ஆண்டுகள் பல இடங்களில் பலவித வேலைகளைச் செய்தார். வேர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்திலும், தென் கரோலைனாவில் நெற்பண்ணையிலும், வீடு வீடாகச் சென்று பொருள் விற்பவராகவும் பணியாற்றினார். இறுதியில் நியூயோர்க்கின் பெரிய அங்காடியொன்றின் மளிகைப் பிரிவில் வேலை கிடைத்தது.

அங்கேதான் அவர் முக்கியமான பாடத்தைக் கற்றார். பொருள்களை ஒழுங்காகவும் சுத்தமாகவும் அடுக்கி வைத்தல், வாடிக்கையாளரை மரியாதையுடன் வரவேற்றல், விளம்பரத்துக்குத் தயங்காமல் செலவிடல் ஆகியவை விற்பனையைப் பெருக்கும் என்பதைக் கண்கூடாகக் கண்டார். 1870 இல் சேமிப்புடன் ஊர் திரும்பியபோது தாய்க்கு ஒரு மூட்டை மாவையும் ஓர் ஆடும் நாற்காலியையும் கொண்டுவந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி.

3. ஒரு கடையிலிருந்து பல கடைகள்

1871 இல் கிளாஸ்கோவில் லிப்டன் தமது முதலாவது கடையைத் திறந்தார். அதன் வெற்றிக்கு மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, இடைத்தரகரைத் தவிர்த்தமை. அயர்லாந்து விவசாயிகளிடமிருந்து வெண்ணெயையும் முட்டையையும் அவர் நேரடியாகக் கொள்வனவு செய்தார். இதனால் மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு விற்று, இலாபமும் பெற முடிந்தது.

இரண்டாவது, விளம்பரம். பன்றிகளை வீதியில் ஊர்வலமாக நடத்திச் சென்றார். நத்தார் காலத்தில் மிகப் பெரிய பாற்கட்டிகளைத் தருவித்து, அவற்றினுள் நாணயங்களை மறைத்து வைத்து விற்றார். மக்கள் முண்டியடித்து வாங்கினர்.

மூன்றாவது, கிளைகள். ஒரு கடையில் வந்த இலாபத்தை அடுத்த கடையில் முதலீடு செய்தார். 1880களின் இறுதியில் பிரித்தானியா எங்கும் அவருக்குச் சுமார் 300 கடைகள் இருந்தன.

இக்காலத்திலேயே அவர் வெளிநாட்டு வணிகத்திலும் காலடி வைத்தார். ஐக்கிய அமெரிக்காவின் ஒமாஹா நகரில் இறைச்சி பதப்படுத்தும் தொழிலொன்றை அமைத்துப் பின்னர் அதனை விற்றுவிட்டார். ஆகவே இலங்கைக்கு வருமுன்னரே பிறநாட்டில் தொழில் தொடங்கிய அனுபவம் அவருக்கு இருந்தது.

4. இலங்கையில் அன்று நிலவிய நிலைமை

இனி நமது நாட்டுக்கு வருவோம். லிப்டன் வந்த காலத்தில் இங்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறியாமல் அவருடைய வெற்றியை விளங்கிக்கொள்ள இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் முக்கிய ஏற்றுமதிப் பயிர் கோப்பி. 1869 இல் ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பங்கசு நோய் கோப்பி இலைகளைத் தாக்கத் தொடங்கியது. 1880களில் கோப்பிச் செய்கை பெரும்பாலும் அழிந்துபோனது. தோட்டத்துரைமார் பலர் கடனாளிகளாகித் தோட்டங்களைக் குறைந்த விலைக்கு விற்றனர்.

இதே வேளையில் தேயிலை தலைதூக்கியது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்பவர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1873 இல் 23 இறாத்தல் இலங்கைத் தேயிலை இலண்டனைச் சென்றடைந்தது. 1883 இல் கொழும்பில் தேயிலை ஏலவிற்பனை ஆரம்பமாயிற்று.

போக்குவரத்தும் வளர்ந்தது. 1867 இல் புகையிரதம் கண்டியையும், 1885 இல் நானுஓயாவையும் அடைந்தது. 1875 இல் அடிக்கல் நாட்டப்பட்ட கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் 1885 இல் நிறைவுற்றது. 1869 இல் திறக்கப்பட்ட சுயெஸ் கால்வாய் இலங்கைக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான கடற்பயணத்தைக் குறுக்கியிருந்தது.

காணி பற்றியும் அறிந்துகொள்ளுங்கள். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் தொடர்பான கட்டளைச் சட்டத்தின்படி, உரிமையை நிரூபிக்க முடியாத காணிகள் அரசுக்கு உரியவையாகக் கருதப்பட்டன. அவ்வாறு பெறப்பட்ட மலைநாட்டுக் காணிகள் தோட்டங்கள் அமைக்க விற்கப்பட்டன. இலங்கை பிரித்தானியாவின் குடியேற்ற நாடாக இருந்தமையால், பிரித்தானியர் ஒருவருக்கு இங்கு காணி வாங்குவதில் தடை எதுவும் இருக்கவில்லை. அந்நிய மண்ணாக இருந்தபோதிலும் ஆட்சி அவருடைய நாட்டினதே.

5. லிப்டன் இலங்கைக்கு வருதல்

பிரித்தானியாவில் தேநீர் அருந்தும் பழக்கம் சாதாரண மக்களிடையே பரவிக்கொண்டிருந்தது. ஆனால் விலை அதிகம். தோட்டத்துக்கும் கடைக்கும் இடையே பலர் தரகு பெற்றதே அதற்கொரு காரணம் என்பதை லிப்டன் உணர்ந்தார். 1889 இல் தமது கடைகளில் தேயிலை விற்கத் தொடங்கினார். முதலாவது தொகுதி வந்தபோது வாத்திய இசையுடன் ஊர்வலம் நடத்தினார்.

1890 இல் அவுஸ்திரேலியாவுக்கு விடுமுறைப் பயணம் செல்வதாகப் புறப்பட்டவர் கொழும்பில் இறங்கினார். மலைநாட்டுக்குச் சென்று தோட்டங்களைப் பார்வையிட்டார். ஊவாவில் அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பேத்தன்னை உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். அப்போது புகையிரதம் அப்புத்தளையை எட்டியிருக்கவில்லை. அது அங்கு வந்தது 1893 இலேயே. பாதை வருமுன்னரே காணி வாங்கியமை அவருடைய தூரநோக்கைக் காட்டுகிறது.

தம்பேத்தன்னையில் தேயிலைத் தொழிற்சாலை அமைக்கப்பட்டது. உயரமான சரிவுகளில் பறித்த கொழுந்து கம்பிவடம் மூலம் தொழிற்சாலைக்கு இறக்கப்பட்டது. இன்று சுற்றுலாப் பயணிகள் செல்லும் லிப்டன் ஆசனம் என்னும் மலையுச்சி இத்தோட்டப் பகுதியிலேயே உள்ளது.

விற்பனையிலும் அவர் புதுமைகளைக் கையாண்டார். அக்காலக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து நிறுத்தே விற்கப்பட்டது. நிறையிலும் தரத்திலும் வாடிக்கையாளருக்கு ஐயம் இருந்தது. லிப்டன் ஒரு இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பொதிகளில் அடைத்து, ஒரே தரத்தில் குறைந்த விலைக்கு விற்றார். ஊருக்கு ஊர் தண்ணீரின் தன்மை வேறுபடுவதால், அந்தந்த நகரத் தண்ணீருக்கு ஏற்றவாறு தேயிலையைக் கலந்து கொடுத்தார். தோட்டத்திலிருந்து நேராகத் தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகிறது என்ற கருத்தைத் தமது விளம்பர வாசகமாக்கினார்.

இங்கு ஓர் உண்மையையும் கவனியுங்கள். அவருடைய சொந்தத் தோட்டங்களின் விளைச்சல் அவர் விற்ற தேயிலையின் ஒரு சிறு பகுதியே. மிகுதியை அவர் ஏனைய தோட்டங்களின் உற்பத்தியிலிருந்து வாங்கினார். ஆனால் விளம்பரம் எல்லாம் அவருடைய தோட்டத்தில் விளைந்ததுபோன்ற எண்ணத்தை மக்களிடம் ஏற்படுத்தியது. விளம்பரம் சொல்வதையும் உண்மையில் நடப்பதையும் வேறுபடுத்திப் பார்க்க ஒரு வணிக மாணவர் பழகிக்கொள்ள வேண்டும்.

6. பொதியில் பெயரில்லாதவர்கள்

காணி, மூலதனம், முயற்சி ஆகியவற்றைப் பார்த்தோம். உற்பத்திக் காரணிகளுள் எஞ்சியிருப்பது உழைப்பு. அது யாருடையது?

தோட்டங்களில் வேலை செய்தவர்களுள் மிகப் பெரும்பாலானோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். வறட்சி, பஞ்சம், கடன், சாதிக் கொடுமை ஆகியன அவர்களை ஊரைவிட்டுத் துரத்தின. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் நிலவிய கொடும் பஞ்சத்தை நீங்கள் அறிந்திருக்கலாம். பலர் படகில் மன்னாரை அடைந்து, காட்டுப்பாதை வழியே மாத்தளைக்கு நடந்தே சென்றனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே இறந்தவர் பலர். வேறு சிலர் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலில் வந்தனர்.

கோப்பித் தோட்டத்துக்குப் பருவகாலத்தில் மட்டுமே அதிக ஆட்கள் தேவைப்பட்டனர். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பங்கள் குடும்பங்களாக லயங்களில் குடியமர்த்தப்பட்டன. கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். கங்காணிமார் பயணச் செலவைக் கடனாக எழுதினர். அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குச் செல்ல முடியாதபடி துண்டு முறை அவர்களைக் கட்டிவைத்தது. அம்முறை 1921 இலேயே சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

லிப்டன் தேயிலையின் விளம்பரங்களில் கூடையுடன் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இடம்பெற்றது. அந்தப் படம் உலகமெங்கும் சென்றது. ஆனால் பொதியில் அச்சிடப்பட்ட பெயர் லிப்டனுடையது மட்டுமே. அந்தப் பெண்ணின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. பயிர் நோயாலும் பஞ்சத்தாலும் இடம்பெயர்ந்த அயர்லாந்துக் குடும்பமொன்றின் மகன் உலகப் புகழ் பெற்றான். பஞ்சத்தால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் மகளோ தன் பெயரைக்கூட வரலாற்றில் பதிக்க வாய்ப்பின்றி மறைந்தாள். மாணவர்களே, இவ்வேறுபாட்டைச் சிந்தித்துப் பாருங்கள். உங்களுட் சிலருக்கு அவள் பாட்டிக்குப் பாட்டியாகவும் இருக்கலாம்.

7. உலகளாவிய கம்பனி

1893 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஹொபோக்கன் நகரில் தேயிலை பொதியிடும் கம்பனியொன்றை லிப்டன் நிறுவினார். 1898 இல் அவருடைய வணிகம் பொதுக் கம்பனியாக மாற்றப்பட்டது. விற்பனைக்கு விடப்பட்ட பங்குகளைவிடப் பன்மடங்கு பங்குகளுக்கு மக்கள் விண்ணப்பித்தனர். அதே ஆண்டில் அவருக்குச் சேர் பட்டம் வழங்கப்பட்டது. தனிவியாபாரமாகத் தொடங்கியது பொதுக் கம்பனியாக வளர்ந்தமைக்கு இது சிறந்த உதாரணம்.

பாய்க்கப்பல் போட்டியில் அவருக்குப் பேரார்வம். 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஐந்து தடவைகள் ஷாம்ரொக் என்னும் பெயருடைய கப்பல்களுடன் அமெரிக்கா கிண்ணத்துக்காகப் போட்டியிட்டார். ஒரு தடவையேனும் வெற்றி பெறவில்லை. எனினும் தோல்வியைப் புன்னகையுடன் ஏற்றமையால் அமெரிக்க மக்கள் பணம் சேர்த்து அவருக்குப் பொற்கிண்ணமொன்றைப் பரிசளித்தனர். இதனால் அவருடைய தேயிலைக்கும் அந்நாட்டில் நற்பெயர் கிடைத்தது.

லிப்டன் 1931 ஒக்டோபர் 2 ஆம் திகதி இலண்டனில் காலமானார். கிளாஸ்கோவில் பெற்றோரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய செல்வத்தின் பெரும்பகுதி அவருடைய விருப்பப்படி கிளாஸ்கோ நகருக்கும் அங்குள்ள ஏழைகளின் நலனுக்கும் சென்றது. பிறந்த ஊரை அவர் மறக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. ஆனால் இலங்கை மலைகளில் விளைந்த செல்வத்தின் ஒரு பங்கும் அவ்வாறே கடல்கடந்து சென்றது. வெளிநாட்டுக் கம்பனியின் இலாபம் தாய்நாட்டுக்குத் திரும்புதல் என்று நீங்கள் கற்பது இதனையே.

8. அவருக்குப் பின்

1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவராயினர். 1964 இல் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பல இலட்சம் பேர் இந்தியாவுக்குச் செல்ல வேண்டியதாயிற்று. எஞ்சியிருந்த நாடற்றோரின் பிரச்சினையைத் தீர்க்க 2003 இல் சட்டம் இயற்றப்பட்டது. கம்பனிகளுக்குரிய தோட்டங்கள் 1975 இல் அரசுடைமையாக்கப்பட்டன. 1992 இல் அவற்றின் முகாமை மீண்டும் தனியார் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தோட்டங்கள் கைமாறின. கொழுந்து பறிக்கும் கைகள் மட்டும் பெரிதும் மாறவில்லை.

நினைவிற் கொள்க

வெளிநாட்டில் கம்பனியொன்று வெற்றி பெற முயற்சியாளரின் பண்புகளும், அந்நாட்டின் வளங்களும் ஒருங்கே தேவை. லிப்டனிடம் வாய்ப்பை இனங்காணும் திறன், இடரை ஏற்கும் துணிவு, இடைத்தரகரைத் தவிர்க்கும் உபாயம், விளம்பரத் திறமை ஆகியன இருந்தன. இலங்கை அவருக்குக் குறைந்த விலையில் காணி, குறைந்த கூலியில் உழைப்பு, புகையிரதமும் துறைமுகமும், சாதகமான சட்டம் ஆகியவற்றை அளித்தது. ஒன்றை மட்டும் எழுதினால் விடை முழுமையடையாது.

நீங்களும் நாளை ஒரு தொழில் தொடங்கலாம். மட்டக்குளியிலோ, துபாயிலோ, கனடாவிலோ அது அமையலாம். லிப்டனின் உழைப்பையும் ஒழுங்கையும் பின்பற்றுங்கள். ஆனால் உங்களுக்காக உழைப்பவர்களின் பெயரை அறிந்துவைத்திருங்கள். அவர்களுக்கு உரிய கூலியைக் குறைக்காது கொடுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. லிப்டன் தமது முதலாவது கடையை எந்த ஆண்டில், எந்த நகரில் திறந்தார்?

2. 1880களில் இலங்கையில் தோட்டங்களின் விலை குறைந்தமைக்குக் காரணம் யாது?

3. இடைத்தரகரைத் தவிர்ப்பதனால் வணிகரும் நுகர்வோரும் அடையும் நன்மைகள் இரண்டு தருக.

4. லிப்டன் கையாண்ட சந்தைப்படுத்தல் உபாயங்கள் நான்கினைக் குறிப்பிட்டு, அவற்றுள் ஒன்றை விளக்குக.

5. வெளிநாட்டுக் கம்பனியொன்றினால் ஒரு நாடு அடையும் நன்மைகளையும் தீமைகளையும் இலங்கைத் தேயிலைத் தொழிலை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

விடை எழுதும்போது: ஐந்தாம் வினாவுக்கு நன்மைகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம். ஏற்றுமதி வருமானம், வேலைவாய்ப்பு, உலகச் சந்தையில் இலங்கைத் தேயிலை பெற்ற பெயர் ஆகியவற்றை முதலில் எழுதுக. அடுத்து, இலாபம் வெளியேறுதல், ஒரு பயிரில் பெரிதும் தங்கியிருத்தல், தொழிலாளரின் உரிமைகள் புறக்கணிக்கப்படல் ஆகியவற்றை எழுதுக. இறுதியில் உங்கள் சொந்தக் கருத்தை ஓரிரு வாக்கியங்களில் கூறி முடிக்குக.